தஸ்தாவேஜு – ஆவணம்

பழைய கிரயப் பத்திரங்களில் அடிக்கடி வரும் 'தஸ்தாவேஜு' பாரசீகச் சொல். 'தஸ்த்' என்றால் கை. 'ஆவேஸ்' என்பது தொங்குதல், பற்றுதல். வழக்கென்று வந்தால் பற்றிக்கொள்ள உதவும் எழுத்துச்சான்று என்று பொருள் கொள்ளலாம். கையொப்பத்தைக் குறிக்கும் 'தஸ்கத்'திலும் இதே 'தஸ்த்'தான் இருக்கிறது.

இதற்கு ஈடான தமிழ்ச்சொல் ஆவணம். அகநானூறு 122இல் இச்சொல் கடைத்தெருவைக் குறிக்கிறது. 77ஆம் பாட்டிலோ, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையைப் பார்த்து உடைத்து, உள்ளிருக்கும் ஓலையை எடுப்பவர்கள் 'ஆவண மாக்கள்'. (இறந்த வீரரின் குடலைக் கழுகு இழுப்பதற்கு உவமையாக வருகிறது, ஆவணக் காப்பு இப்படியும் இலக்கியத்தில் ஏறியிருக்கிறது!) சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை 'ஆவணக்களரி'யில் (ஆவணம் எழுதி முடிக்கும் இடம்) நடக்கும், எழுதித் தருவது 'விலையாவணம்'.

மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியபுராணம் தெளிவாகவே காட்டுகிறது. முதியவராக வந்த சிவன், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டி வழக்காடினார். சுந்தரர் கிழித்தது படியோலை, அதாவது நகல். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. அவையோர் அதை வாசித்ததோடு விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆகவே எழுதிய தாளெல்லாம் ஆவணமாகாது. வரைவுக்குக் கையொப்பமில்லை, அது வெறும் தாள். 'பத்திரம்' வடமொழியில் இலை. பேச்சில் பெரும்பாலும் நிலம், கடன் எழுத்துகளுக்கென்று நின்றுவிட்டது. பதிவேடு என்பது வரிசை எண்ணிட்டு எழுதிவரும் புத்தகம்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் ஏறும், உயில் 3ஆம் புத்தகத்தில். மூலம் உரியவரிடம் திரும்பிவிடும். அலுவலகத்தில் இருப்பது நகல். பெயர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் அட்டவணைகள் உண்டு. ஒரு சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று, சொத்து அட்டவணையைத் தேடித் தருவது. பலர் சறுக்குவது இங்கேதான்: சர்வே எண்ணோ உட்பிரிவோ தவறாக ஏறினால் ஆவணம் பாதுகாப்பாக இருக்கும், தேடினால் அகப்படாது. வில்லங்கம் இல்லை என்று சான்று வந்ததாலேயே நிலம் சுத்தம் என்று நம்பக்கூடாது. கையொப்பமிடுமுன் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, முந்தைய ஆவணத்தின் எண், ஆண்டு, சார்பதிவகம் எல்லாவற்றையும் தாய்ப்பத்திரத்தோடு (விற்பவருக்குச் சொத்து வந்த முந்தைய பத்திரம்) வைத்துப் பாருங்கள். பிழை பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதி அதையும் பதிய வேண்டும். விற்றவரும் வந்து கையொப்பமிட வேண்டியிருக்கும்.