சண்டை எத்தனை மணிக்கு வருகிறது?

கோபம் அதிகம் வருகிறது என்று ஆலோசனைக்கு வருபவர்களிடம், காரணத்தைக் கேட்பதற்கு முன் நேரத்தைக் கேட்பேன். கடைசிச் சண்டை எத்தனை மணிக்கு? அதற்கு முன் எப்போது சாப்பிட்டீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் சட்டென்று வரும். இரண்டாவதற்குப் பலர் யோசிப்பார்கள்.

ஒரு தம்பதி. "வாசல்ல காலை வைக்கும்போதே எரிஞ்சு விழறார்" என்றார் மனைவி. "வந்ததும் வராததுமா கடன் கணக்கை எடுத்தா?" என்றார் கணவர். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டு, ஆறேழு மணி நேரம் கழித்து வெறும் வயிற்றோடு வீடு திரும்புகிறார்கள். வீட்டின் மிகக் கடினமான பேச்சு அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. கடன் நிஜம், அதைப் பேசித்தான் ஆக வேண்டும். சாப்பிட்ட பிறகு பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த முறை வந்தபோதும் கடன் அப்படியே இருந்தது. ஆனால், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரால் கேட்க முடிந்திருந்தது.

மூளை, உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ். அது இறங்கினால், மீண்டும் ஏற்றுவதற்கு உடல் சுரக்கும் ஹார்மோன்களில் அட்ரினலினும் கார்டிசாலும் உண்டு. பயத்திலும் கோபத்திலும் சுரப்பவையும் இவைதான். படபடப்பு வந்துவிடுகிறது, எதனால் என்று மனத்துக்குப் புரிவதில்லை. எதிரில் நிற்பவரைக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறது. மனசுக்குப் பிடித்த சூழலில் இருந்தால் இதே பசி பெரிதாக உறைக்காது. ஏற்கெனவே உரசல் உள்ள இடத்தில்தான் கனன்று எரியும்.

ஐரோப்பாவில் 64 பேர், 21 நாட்கள், தினமும் ஐந்து முறை தங்கள் பசியையும் மனநிலையையும் பதிவு செய்த ஆய்வு 2022இல் வெளியானது. பசி கூடிய நேரங்களில் கோபமும் எரிச்சலும் கூடியிருந்தன; மகிழ்ச்சி குறைந்திருந்தது.

எடை குறைக்கப் பட்டினி கிடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு என்று ஆகிப்போனார்கள். கடும் டயட்டில் இருப்பவர் "எனக்கு மன உறுதி போதவில்லை" என்று அழும்போது, இதைத்தான் எடுத்துச் சொல்வேன். உங்கள் குணம் கெட்டுவிடவில்லை, உடலுக்குச் சாப்பாடு போதவில்லை.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. திடீரென்று கோபம், வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால், "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போயிருக்கலாம். 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். விழுங்க முடியாத நிலையிலோ மயக்கத்திலோ இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனைவியோ பிள்ளையோ நியாயமாகக் கோபப்படும்போது "பசியில் கத்துகிறாய்" என்று வாயை அடைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். சாப்பிட வையுங்கள், கொஞ்ச நேரம் பொறுங்கள், பிறகு கேளுங்கள். வயிறு நிறைந்த பிறகும் அதே வருத்தம் இருந்தால், அதற்குக் காரணம் வேறு. அதை உட்கார்ந்து பேச வேண்டும்.