ஒரு சுற்று கூடினால் 268 மீட்டர்: கான்வாயில் லிபர்ட்டி கப்பல் ஓடிய விதம்

1943 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள சவுத் போர்ட்லண்டில் 'ஜெரமையா ஓ'பிரையன்' கடலில் இறக்கப்பட்டது. போர்க்காலத்தில் கட்டிய 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் இதுவும் ஒன்று. 441 அடி நீளம், ஐந்து சரக்கு அறைகள். முழு வேகமே 11 நாட், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். ஜெர்மன் நீர்மூழ்கியோ நீர்மட்டத்தில் 17 நாட் வேகத்துக்கு மேல் ஓடும். தப்பி ஓட வழியில்லாததால் கான்வாயாக, அதாவது பல கப்பல்கள் வரிசைகளாகச் சேர்ந்து கூட்டமாகப் போவதுதான் பாதுகாப்பு.

டர்பைன்களும் பெரிய டீசல் எஞ்சின்களும் போர்க்கப்பல்களுக்கே போதவில்லை. அதனால் சாதாரணத் தொழிற்சாலைகளும் செய்யக்கூடிய பழைய மூவிரிவு நீராவி எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணெயால் எரியும் இரண்டு பாய்லர்களிலிருந்து சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு அழுத்தத்தில் நீராவி வரும். அது முதலில் 24.5 அங்குல விட்டமுள்ள சிலிண்டரிலும், பிறகு 37 அங்குலத்திலும், கடைசியாக 70 அங்குலத்திலும் வேலை செய்யும். விரிய விரிய அழுத்தம் குறையும். அதே தள்ளுவிசை கிடைக்க வேண்டுமானால் பிஸ்டனின் பரப்பு பெருகியாக வேண்டும். வேலை முடிந்த நீராவி கண்டென்சரில் குளிர்ந்து நீராகி, மறுபடி பாய்லருக்கே போகும். கண்டென்சர் குழாய் கசிந்து கடல்நீர் கலந்துவிட்டால் பாய்லரில் உப்பு படியும். பாய்லரைக் கெடுக்க அது போதும்.

இந்த எஞ்சினின் உச்சம் நிமிடத்துக்கு 76 சுற்று. கான்வாயின் கஷ்டம் முழுக்க இந்த எண்ணில் இருக்கிறது. 76 சுற்றுக்கு 11 நாட் என்றால் ஒரு சுற்றுக்கு 0.145 நாட், அதாவது மணிக்கு 268 மீட்டர். வரிசையில் முன்கப்பலுக்கும் பின்கப்பலுக்கும் இடைவெளி சில சமயம் 400 கெஜம்தான், சுமார் 366 மீட்டர். நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்று கூடுதலாக ஓடினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முன்கப்பலை இடித்துவிடலாம். அதனால் மேல்தளத்திலிருந்து 'இரண்டு சுற்று கூட்டு', 'ஒன்று குறை' என்று கட்டளை வந்துகொண்டே இருக்கும். கீழே எஞ்சினியர் நீராவி வால்வை மயிரிழை அளவுக்குத் திருப்பிக்கொண்டிருப்பார். இரவில் முன்கப்பலின் மங்கிய நீல விளக்குதான் துணை. மூடுபனியில் ஒவ்வொரு கப்பலும் நீரைப் பீய்ச்சியடிக்கும் மிதவை ஒன்றைக் கயிற்றில் இழுத்துப் போகும். பின்னால் வருபவர் அந்தப் பீச்சலைக் கண்ணில் வைத்து ஓட்டுவார்.

கொந்தளிப்பில் கப்பலின் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பெல்லர் நீருக்கு வெளியே வந்து எதிர்ப்பில்லாமல் வெறி பிடித்தாற்போல் சுழலும். பிறகு நீரில் திடீரென விழும்போது அதைச் சுழற்றும் தண்டு முறியக்கூடும். இதைத் தடுக்க ஒருவர் வால்வைப் பிடித்தபடி நின்று, தளம் எழுவதைக் காலில் உணர்ந்ததும் நீராவியைக் குறைப்பார். இன்னொரு ஆள் எண்ணெய்க் குவளையோடு, திறந்தபடி சுற்றும் கிராங்கின் தாளத்துக்கேற்பக் கையை நீட்டி, பேரிங் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அரை நொடி தவறினால் கை போய்விடும். இந்த மனிதர்களைப் பற்றிப் போர் வரலாறுகள் போதுமான அளவு பேசவில்லை என்பேன்.

புகையும் எதிரிதான். பாய்லரில் எண்ணெயை எரிக்கும் பர்னருக்குக் காற்று குறைந்தால் கரும்புகை, கூடினால் வெண்புகை. தெளிந்த பகலில் அது தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே கண்ணில் படும். பாய்லர் குழாய்களின் கரியை ஊதித் தள்ளுவதை இருட்டிய பிறகே செய்வார்கள். எஞ்சின் நின்றுபோனால் வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும். பின்தங்கிய ஒரு கப்பலுக்காகக் கான்வாய் முழுவதும் நிற்காது. தனித்துப்போகிறவர்களுக்கென்று மாற்று வழி குறித்த முத்திரையிட்ட உறை கேப்டனிடம் இருக்கும்.

எதிரி தொடாமலே உடைந்த லிபர்ட்டிகளும் உண்டு. 'ஜான் பி. கெய்ன்ஸ்' 1943 நவம்பரில் இரண்டாகப் பிளந்து 10 பேர் இறந்தார்கள். அந்த எஃகு குளிரில் நொறுங்கும் தன்மையடைகிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். சரக்கு அறை வாயில்களின் கூர்மூலைகளில் விசை குவிந்து விரிசல் தொடங்கும். தகடுகளை ரிவெட் என்ற ஆணிகளால் இணைத்த கப்பலில் அது பெரும்பாலும் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடலிலோ தகட்டுக்குத் தகடு தடையின்றி ஓடும். மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசலை நிறுத்த ரிவெட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள்.

ஓ'பிரையன் நார்மண்டிப் படையெடுப்புக்காக ஆங்கிலக் கால்வாயை 11 முறை கடந்தது. போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒதுக்கிக் கட்டி வைத்த கப்பலை 1979-இல் மறுபடி ஓட வைத்தார்கள். 1994-இல் அதே நீராவி எஞ்சினோடு அது நார்மண்டிக்குப் போய்த் திரும்பியது. இன்று சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்க்கலாம்.