மலைப்பாதையில் ஓடும்போது கிலோமீட்டர் கணக்கு ஏன் உதவாது

நான் முதல்முறை காட்டு மலைப்பாதையில் ஓடப் போனபோது பாதையின் நீளத்தை மட்டும்தான் பார்த்தேன். 12 கிலோமீட்டர், ஒரு சுற்று. சாலையில் அதைவிட அதிகமாக ஓடிப் பழகியிருந்ததால் பெரிதாக யோசிக்கவில்லை. வழியில் மொத்தம் 800 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருந்தது, அதையும் படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ஏறும்போது பயங்கரமாக மூச்சு வாங்கியது, உச்சியைத் தொட்டதும் இனி சுகம்தான் என்று மரங்களுக்கு நடுவே கால் போன வேகத்தில் இறங்கினேன். மறுநாள் காலை லேசான வலி. அதற்கும் மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஒரு படிகூட இறங்க முடியவில்லை. படி ஏறுவதில் அவ்வளவு சிரமம் இல்லை, இறங்கும்போதுதான் தொடையின் முன்பக்கம் உயிர் போனது.

அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் மலைப்பாதை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் புரிந்தது.

முதலில் ஏற்றம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60-ஐ ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும், பிறகு உயரத்தாலும் பெருக்கினால் 58,800 ஜூல் வரும், அதாவது சுமார் 14 கிலோகலோரி. பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது (மலையில் குளிர்காற்று அடிக்கும்போதும் சட்டை நனைந்துபோவது அதனால்தான்). ஆக உண்மையான செலவு 56 கிலோகலோரி. சமதரையில் ஓடினால் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி என்பது ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. அதன்படி இதே ஆள் ஒரு கிலோமீட்டர் ஓட 60 கிலோகலோரி வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 100 மீட்டர் ஏறுவதும் ஒரு கிலோமீட்டர் சமதரையில் ஓடுவதும்.

மலை ஓட்டப் பந்தயங்களைத் தரம் பிரிப்பவர்களும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீளத்தோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்வார்கள். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற யுடிஎம்பி பந்தயம் சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், அப்படியானால் அது 270 கிலோமீட்டருக்குச் சமமான உழைப்பு. இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1892-இல், ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் நடப்பவர்களுக்கு ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதை மீட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் ஏற்றம் எட்டு மீட்டர் தட்டையான பாதைக்குச் சமம். கருவி எதுவும் இல்லாமல், கால் அனுபவத்தை மட்டும் வைத்து, இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, இறக்கத்தை அது கண்டுகொள்வதே இல்லை.

2002-இல் ஆல்பெர்ட்டோ மினெட்டி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மலை ஓட்டக்காரர்களைச் சாய்வான ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். சமதரையில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்த சுமார் 3.4 ஜூல். 45 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 45 மீட்டர் மேலே போகும் பாதையில், சுமார் 19 ஜூல். இறக்கத்தில் செலவு குறைந்துகொண்டே வந்து, 20 சதவீதச் சரிவில் சமதரைச் செலவில் பாதியாகிறது. அதற்கு மேல் செங்குத்தானால் செலவு திரும்ப ஏறுகிறது, ஏனென்றால் அப்புறம் உடம்பு முழு நேரமும் பிரேக் பிடிக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது.

அந்த பிரேக்தான் விஷயம். இறக்கத்தில் ஒரே ஒரு அடியைக் கவனியுங்கள். கால் உடம்புக்கு முன்னால் போய் விழுகிறது, முட்டி மடங்கத் தொடங்குகிறது, முழுவதும் மடங்கிவிட்டால் விழுந்துவிடுவோம் என்பதால் தொடையின் முன்பக்கத் தசை இறுகி அதைத் தடுக்கிறது. ஏறும்போது அதே தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்யும். இறங்கும்போதோ இறுகிக்கொண்டே நீள்கிறது. கனமான மூட்டையைக் கயிற்றில் கட்டி மேலிருந்து மெல்லக் கீழே விடும்போது, கையை விட்டு நழுவும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டே இருப்போமே, அது போல. இதில் ஆக்சிஜன் செலவு குறைவு, ஆகவே மூச்சு வாங்காது, நன்றாக இருக்கிறோம் என்றுதான் தோன்றும். ஆனால் தசைநாருக்குள் சார்கோமியர் என்று மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நீளமே உள்ள சின்னச் சின்ன அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. இழுபடும்போது அவற்றில் பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு சிதைகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு முயலும்போது வீக்கமும் வலியும் வருகின்றன, அதற்கு நேரமாகும் என்பதால்தான் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனால் இரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) அளவு பழையபடி இறங்கிவிடும், இரண்டாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நல்ல சேதி என்னவென்றால் தசை இதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். அதனால் பெரிய ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு சின்ன இறக்கத்தில் ஓடி வைத்துக்கொள்வது மிகப் பெரிய உதவி.

பாதை கரடுமுரடாக இருப்பதும் செலவுதான், ஆனால் நாம் நினைக்கிற அளவு இல்லை. 2.5 செ.மீ. வரை மேடுபள்ளம் வைத்த தளத்தில் சோதித்துப் பார்த்ததில், நடப்பவர்களுக்கு ஆற்றல் செலவு 28 சதவீதம் கூடியது, ஓடுபவர்களுக்கு வெறும் 5 சதவீதம். ஓடும்போது கால் ஒரு ஸ்பிரிங் மாதிரி மடங்கி நிமிர்வதால் சின்ன மேடுகளை அது விழுங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். காட்டுப்பாதையில் உண்மையான வேலை கண்ணுக்குத்தான். கரடுமுரடான தரையில் நடப்பவர்களின் பார்வையைப் பதிவுசெய்தபோது, அவர்கள் ஏறத்தாழ ஒன்றரை வினாடி கழித்துக் கால் படப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போனது தெரிந்தது. ஓடும்போது அதே ஒன்றரை வினாடிக்குள் பல மீட்டர் கடந்துபோகும். இலைகளின் ஊடாக விழும் வெயில் திட்டுகள் வேரையும் நிழலையும் ஒன்று போலக் காட்டும், சருகுக்கு அடியில் கல் இருக்கும். மழை பெய்த பிறகு பட்டை தேய்ந்து வழவழப்பான வேர் பாதைக்குக் குறுக்கே சரிவாகக் கிடந்தால் அதை மிதிக்கவே மிதிக்காதீர்கள், தாண்டிப் போங்கள். ஈரத்தில் பாசியும் சேர்ந்தால் காலணியின் அடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழுக்கும்.

பாதை வளைந்து வளைந்து போவதற்கும் காரணம் உண்டு. கொண்டை ஊசி வளைவுகள் நம் மூச்சுக்காக மட்டும் போட்டவை என்று நினைத்திருந்தேன், தண்ணீருக்காகவும்தான் போடுகிறார்கள். மலைச்சரிவில் நேராகக் கீழே இறங்கும் பாதை அடுத்த மழையில் ஓடையாகிவிடும். மண் அரித்துப்போய், வேர்கள் வெளியே வந்து, பாதை ஆழமாகிக்கொண்டே போகும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பாதை அமைப்பவர்களின் விதி, அப்போதுதான் தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்து வழிந்துவிடும். வளைவை வெட்டிக் குறுக்கே பாயும் ஒவ்வொரு ஓட்டக்காரரும் தண்ணீருக்கு ஒரு புது வழி போட்டுக்கொடுக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கையில் கட்டியிருக்கும் வாட்சையும் முழுதாக நம்ப முடியாது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழந்து, பாறைகளில் பட்டுத் திரும்பி வரும், அதனால் வாட்ச் போடும் கோடு நெளியும், நெருக்கமான வளைவுகளை வெட்டியும் விடும். உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் வாட்ச் பரவாயில்லை. கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும் என்பதால் சின்ன ஏற்றங்களையும் அது பிடித்துவிடும், ஆனால் புயல் நெருங்கி அழுத்தம் இறங்கினால் நின்ற இடத்திலேயே நீங்கள் ஏறிவிட்டதாகவும் சொல்லும்.

அதனால் கிளம்புவதற்கு முன் நான் பார்ப்பது வரைபடத்தின் சம உயரக் கோடுகளைத்தான். அவை நெருங்கி நிற்கும் பக்கம் செங்குத்து, விலகி நிற்கும் பக்கம் மெல்லிய சாய்வு. சுற்றுப்பாதையில் எந்தத் திசையில் ஓடினாலும் மொத்த நீளமும் மொத்த ஏற்றமும் மாறாது, ஆனால் தொடைக்கு இரண்டும் ஒன்றல்ல. செங்குத்தில் ஏறும்போது ஓட வேண்டியதே இல்லை, ஒரே வேகத்தில் உயரம் ஏறுவதாக இருந்தால் நடப்பதுதான் மலிவு. சுவிட்சர்லாந்தின் ஃபுல்லியில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 1,000 மீட்டர் ஏறும் பந்தயத்தில் முன்னணி வீரர்கள்கூடக் கோல் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். அப்புறம் மெல்லிய சாய்வுள்ள பக்கமாக இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் பிடிக்கும் பிரேக் சின்னது. என் அந்த 12 கிலோமீட்டர் சுற்றின் வரைபடத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த பக்கமாகத்தான் அன்று ஓடி இறங்கியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கமாக நடந்து ஏறுகிறேன்.