நுரையீரல்ல சுண்ணாம்புக் கட்டி எப்படி வருது?

"அப்பாவுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல எக்ஸ்ரே எடுத்தாங்க, வலது பக்கம் மேல கால்சிஃபைடு கிரானுலோமா, அதாவது சுண்ணாம்பு படிஞ்ச கட்டின்னு ரிப்போர்ட், கேன்சரா இருக்குமோ, கால்சியம் மாத்திரைய நிறுத்திடலாமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன்.

நுரையீரல்ல 3 செ.மீ வரைக்கும் இருக்கற உருண்டைப் புள்ளி நாட்யூல், அதுக்கு மேல போனா மாஸ். சிடி ஸ்கேன்ல தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000னு ஒரு அளவு உண்டு, அந்த அளவுல நாட்யூல் 200ஐத் தாண்டி வெள்ளையா தெரிஞ்சா உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல அது பெரும்பாலும் எப்பவோ வந்து போன டிபியோட தழும்பு. அமெரிக்காவுல ஓஹியோ, மிசிசிப்பி ஆத்துப் பக்கம் இதே தழும்ப ஹிஸ்டோப்ளாஸ்மாங்கற பூஞ்சை போடும்.

சரி, அங்க சுண்ணாம்புக்கு என்ன வேலை? இதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். டிபி கிருமிய மேக்ரோபேஜ்ங்கற நம்ம காவல்கார செல் முழுங்கும், ஆனா கிருமி சாகாம உள்ளயே உக்காந்துக்கும். டி செல்ங்கற இன்னொரு காவல்கார செல் வந்து இன்டர்ஃபெரான் காமாங்கற சிக்னல் புரதத்த விட்டு உசுப்பேத்துனதும் மேக்ரோபேஜ் எல்லாம் கூட்டமா வந்து கிருமிய சுத்தி வளைச்சுக்கும், அதுல சிலது ஒண்ணோட ஒண்ணு கலந்து, நிறைய நியூக்ளியஸ லாடம் மாதிரி ஓரமா அடுக்கி வச்ச ராட்சச செல்லாவே ஆயிடும். இதான் கிரானுலோமா. நடுவுல மாட்டுன செல்லுங்க செத்து, திரிஞ்ச பால் கட்டி மாதிரி உதிரும். உயிரோட இருக்கற செல் கால்சியத்த ராப்பகலா வெளிய பம்ப் பண்ணிட்டே இருக்கும், வெளிய இருக்கறதுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் உள்ள இருக்கும். செத்தா பம்ப் நின்னுடும், கால்சியம் மளமளன்னு உள்ள வந்து செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுலயும் உடைஞ்ச சவ்வோட பாஸ்போலிப்பிட்ங்கற கொழுப்புலயும் ஒட்டிக்கும், அங்க இருக்கற என்சைம் பாஸ்பேட்ட கழட்டிவிடும், ரெண்டும் சேந்தா ஹைட்ராக்ஸி அபடைட். உங்க பல்லுல இருக்கற அதே சரக்குதாங்க! ஒரு படிகம் விழுந்துட்டா அது மேலயே படிஞ்சுட்டே போகும். ரத்தத்துல கால்சியம் நார்மலா இருக்கும்போதே இவ்வளவும் நடக்குது, அதான் மாத்திரைய குத்தம் சொல்லாதீங்கன்னேன்.

இப்படிப் படிய ரொம்ப நாள் ஆகும், அதனால நடுவுலயோ முழுசாவோ வளையம் வளையமாவோ படிஞ்சிருந்தா இது கேன்சரா இருக்காதுன்னு டாக்டர் நிம்மதியாயிடுவார். பாப்கார்ன் மாதிரி தெரிஞ்சா ஹமார்டோமாங்கற சாதுவான கட்டி, அதுவும் கேன்சர் இல்ல. ஒரு ஓரமா மட்டும் இருந்தாலோ, பொடிப்பொடியா தூவுன மாதிரி இருந்தாலோ விடமாட்டார், மேல டெஸ்ட் சொல்வார்.

கட்டிய கரைக்கறேன்னு லேகியம் விக்கறவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க, பல்ல கரைக்கற லேகியம் இருந்தா முதல்ல விக்கறவர் பல்லுதான் போகும். 1956ல சென்னையில டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சு, சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரியில படுக்க வேணாம், வீட்டுல இருந்தே மாத்திரை போட்டு குணமாகலாம்னு உலகத்துக்கே காமிச்ச ஊர் இது, லேகியத்துக்குப் போற காசுல பாதி அந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்.

அப்பாவோட பழைய எக்ஸ்ரே பரண்ல கிடக்குதான்னு தேடி எடுத்துட்டுப் போங்க, ரெண்டு வருஷமா அதே சைஸ்னா பெரிய நிம்மதி. ஆனா சுண்ணாம்புக்குள்ளயும் சில சமயம் கிருமி உயிரோட தூங்கும், அதனால ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்கால ஜுரம், எடை குறையறதுன்னு ஏதாவது இருந்தா சளி டெஸ்ட் குடுத்துடுங்க, அரசு ஆஸ்பத்திரியில ஃப்ரீதான்.