"இதுதான் எங்களுக்கு முன்னாடியே தெரியுமே!"

பயனர் ஆய்வின், அதாவது ஒரு செயலியையோ படிவத்தையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வின், முடிவுகளை நிறுவனங்களுக்குள் எடுத்துச் சொல்வது என் வேலை. கூட்டம் முடியும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு, "இதுதான் எங்களுக்கு முன்னாடியே தெரியுமே!" சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது.

பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975ல் இதை ஆராய்ந்து எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றப் பிரிவுகளுக்குப் பிரிவுக்கொரு முடிவைச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அதற்கே வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிட்டார்கள். யாரும் சொல்லாமலேயே அதை ஊகித்திருப்போம் என்றும் நம்பினார்கள். இதைப் பின்னோக்குச் சார்பு என்கிறார்கள்.

நம் வேலையில் இது பெரிய இடைஞ்சல். ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டால், அதற்காக யாரும் திட்டத்தை மாற்ற மாட்டார்கள். அதனால் முதல் ஸ்லைடுக்கு முன்பே எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிடுவேன். "பதிவுப் படிவத்தைத் திறக்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் முடிப்பார்கள்? பாதியில் விடுபவர்கள் எந்தக் கேள்வியில் விடுவார்கள்?" எழுதச் சொல்வேன். வாயால் சொல்லச் சொன்னால் வேலைக்கு ஆகாது. மூத்த அதிகாரி "எட்டுப் பேர்" என்றால் மற்றவர்களும் ஏழு, எட்டு என்றே சொல்வார்கள். சீட்டை நான் திரும்ப வாங்குவதில்லை, யாரையும் வாசிக்கச் சொல்வதும் இல்லை. நாலு பேர் முன்னால் தவறு வெளிப்பட்டால் மனிதர் அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவார். தன் கையெழுத்தில் இருக்கும் எண்ணைத் தானே பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் வரும் கேள்விகளின் தரமே வேறு.

அடுத்தது, எண்ணைச் சொல்லும் விதம். நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய 1982ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சையில் 100 பேரில் 90 பேர் பிழைத்தார்கள் என்று சொன்னபோது அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகம். அதே தகவலை 10 பேர் இறந்தார்கள் என்று சொன்னதும் குறைந்துபோனார்கள். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே முடித்தவர், விட்டவர் இரண்டு எண்களையும் ஒரே ஸ்லைடில் வைக்கிறேன். ஒன்றை மட்டும் காட்டுவது, கேட்பவருக்காக நாமே முடிவெடுப்பதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

வீடியோத் துணுக்குகளிலும் கவனம் வேண்டும். படிவத்தோடு ஒருவர் திணறுவதை அரை நிமிடம் பார்த்தவர்களுக்கு அந்த முகம்தான் நினைவில் நிற்கும், அட்டவணை நிற்காது. எத்தனை பேருக்கு அப்படி நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். சிரமமே இல்லாமல் முடித்த ஒருவரின் துணுக்கும் கூடவே வரும்.

இந்தச் சார்புகள் கேட்பவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்தத் துணுக்கு, எந்த மேற்கோள் என்று பொறுக்கியது நாம்தானே? நேர்காணல்களில் இல்லாத சக ஊழியர் ஒருவரிடம் முழுப் பதிவுகளைக் கொடுத்து, நம் முடிவுக்கு எதிராக இருப்பதை மட்டும் தேடித் தரச் சொல்லுங்கள். அவர் கொண்டுவருவதற்கு அறிக்கையின் முன்பகுதியிலேயே இடம் கொடுங்கள், பின்னிணைப்பில் தள்ளாதீர்கள்.