தொட்டியில் உறங்கும் பதுமம்

இலை பழுக்கத் தொடங்கியதும் என் கை தண்ணீர்க் குவளையைத் தேடியது. சியாம் டியூலிப் வளர்த்த முதல் ஆண்டு அது. வாரக்கணக்கில் இளஞ்சிவப்பாய் நிமிர்ந்து நின்ற செடி, பகல் சுருங்கத் தொடங்கிய நாள்களில் ஒவ்வோர் இலையாக மஞ்சளித்துச் சாய்ந்தது. தாகமாக இருக்கும் என்று காலையும் மாலையும் ஊற்றினேன். ஒரு மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது, கிழங்கு இருந்த இடத்தில் நாறும் கூழ் கிடந்தது. தூங்கப் போன செடியை நானே மூழ்கடித்திருக்கிறேன்.

பெயர்தான் டியூலிப், குடும்பம் இஞ்சி. மஞ்சளும் இதுவும் குர்குமா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகியவை இதன் தாயகம். தாய்லாந்தின் சையபூம் மாகாணத்துப் புல்வெளிகளில் மழை பிடித்த பிறகு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, யாரும் நடாமலே இது கூட்டங்கூட்டமாகப் பூக்கிறது. அங்கே இதன் பெயர் 'பதும்மா'. நாம் தாமரையைப் பதுமம் என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவுதான். டியூலிப்பைவிட இந்தப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில் பிறந்த செடி, மண் காய்ந்த பிறகுதான் உறங்கத் தயாரானால் பிழைக்காது. முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்கு அது நம்பியிருப்பது பகலின் நீளத்தை. மழை ஓராண்டு முந்தும், ஓராண்டு பிந்தும்; சூரியக் கணக்கு மாறுவதில்லை. பகல் 12, 13 மணி நேரத்துக்குக் குறையத் தொடங்கினால் புதுத் தண்டு விடுவதை நிறுத்திவிட்டுச் செடி சேமிப்பில் இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட தாய்லாந்து விவசாயிகள் இரவில் விளக்கெரித்து, பகல் இன்னும் நீளமாக இருப்பதாக அதை நம்பவைத்து, பருவம் தப்பியும் பூ எடுக்கிறார்கள்.

இலை மஞ்சளாவது இந்தச் சேமிப்பின் வெளி அடையாளம். இலையில் இருந்த சத்து, குறிப்பாக நைட்ரஜன், கீழே இறங்குகிறது. உறக்கத்தில் இருக்கும் கிழங்கை மண் உதறிப் பார்த்தால் கணக்கு தெரியும்: குட்டையான ஒரு கிழங்கு, அதன் அடியில் மெல்லிய வேர்கள், ஒவ்வொரு வேரின் நுனியிலும் கோலிக்குண்டு போல ஓர் உருண்டை. மாவுச்சத்து நிரம்பிய சேமிப்பு வேர்கள் அவை. முளைக்கும் கண் கிழங்கில் மட்டுமே உண்டு. உருண்டையைத் தனியாக நட்டால் முளைக்காது. ஆனால் மாற்றி நடும்போது உருண்டைகளை ஒடித்துவிட்டால் முளை தாமதமாகும், பூவும் குறையும். அவை சுமைபோலத் தொங்குகின்றன என்று சுத்தம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பகீரென்கிறது.

இப்போது என் கூழுக்கு வருவோம். தண்ணீரை மேலே இழுப்பது இலை. இலை போனபின் ஊற்றும் தண்ணீர் மண்ணின் துளைகளிலேயே தேங்குகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். உறக்கத்திலும் மூச்சு விடும் கிழங்கு திணறுகிறது. காற்றில்லாத மண்ணில் செழிக்கும் கிருமிகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே இலை பழுக்கத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, தண்டு காய்ந்து விழுந்ததும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். தொட்டியோடு, 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத உலர்ந்த மூலையில் விட்டுவிடலாம்.

விழித்திருக்கும் மாதங்களில் இது பேராசைக்காரச் செடி. வெளிச்சம் போதாவிட்டால் இலை நீளுமே தவிரப் பூ வராது; காலை வெயில் விழும் ஜன்னலோரம் நல்லது. மேல்மண் லேசாகக் காய்ந்ததும் நீர் ஊற்ற வேண்டும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்கலாம். தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுனையைத் தொங்கவிட்டால், நோயிருக்கும் தண்டிலிருந்து பால் இழை போல ஒன்று கீழே இறங்கும். பார்த்துவிட்டால் அந்தச் செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை.

பூத்த பிறகு கொஞ்சம் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பாய் மேலே விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல, நிறம் பூண்ட செதில் இலைகள். அதனால்தான் அவ்வளவு நாள் வாடாமல் நிற்கின்றன. உண்மையான பூ, கீழே உள்ள பச்சைச் செதில்களின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் ஊதாத் துணுக்கு. அதில் பளிச்சென்று தெரியும் உதடு போன்ற பகுதியும் இதழ் அல்ல. மகரந்தத்தை மறந்துபோன இரண்டு மகரந்தத்தாள்கள் ஒட்டி உருவானது. வேலை செய்வது ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். அதன் இரு பைகளுக்கு நடுவே உள்ள பள்ளம், நூல் போன்ற சூல்தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது.

பகல் நீண்டு, வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியதும் தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு முறை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முளை தெரியும்வரை அடுத்த நீர் கிடையாது. மூன்று வாரமாகியும் தெரியவில்லையே என்று விரலால் மண்ணைக் கிளறிப் பார்க்கத் தோன்றும். போன ஆண்டு நானும் கிளறினேன். மேலே வர அரை அங்குலமே மீதியிருந்த முளை, நகத்தில் பட்டு ஒடிந்தது.