சிரியஸ் அமைதி, அகத்தியர் படபடப்பு: விண்மீன் மினுக்குவது எப்படி?

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில் சென்னையிலிருந்து தெற்கே பாருங்கள். இரவு வானின் மிகப் பிரகாசமான இரண்டு விண்மீன்கள் ஏறக்குறைய மேலும் கீழுமாக நிற்கும். மேலே, அடிவானிலிருந்து 60 பாகை உயரத்தில் சிரியஸ். கையை நீட்டி முஷ்டியால் அளந்தால் அதற்கு மூன்றரை முஷ்டி கீழே அகத்திய நட்சத்திரம். அது சென்னையில் 24 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. பெரும்பாலும் கீழே இருப்பதுதான் அதிகம் துடிக்கும். நேர் உச்சியில் இருக்கும் விண்மீனின் ஒளி கடக்கும் காற்றை 1 என்று வைத்தால், சிரியஸுக்கு 1.15, அகத்தியருக்கு சுமார் 2.4.

வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அற்பம்தான்; ஆனால் சூடும் குளிருமாகக் கலங்கிய காற்றுத் திட்டு ஒவ்வொன்றும் மெல்லிய வில்லைபோல் ஒளியைக் குவிக்கிறது, விரிக்கிறது. பல கிலோமீட்டர் கீழே தரைக்கு வருவதற்குள் அந்தச் சிறு வளைவு போதுமானதாகிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெயில் கோடுகோடாக நெளிவதும் இதே கதை. விண்மீன் ஒளி சில சென்டிமீட்டர் அகல வெளிச்சத் திட்டுகளாகவும் மங்கல் திட்டுகளாகவும் தரையில் விழுந்து, மேல்காற்றின் வேகத்தில் ஓடுகிறது. இருட்டில் நம் கண்ணின் பாவை 6 மில்லிமீட்டர் அளவே விரியும். வெளிச்சத் திட்டு கடந்தால் பளிச், மங்கல் திட்டு கடந்தால் மந்தம்.

விண்மீனின் இடம் அசைவதாகத் தோன்றுவதுதான் மினுக்கல் என்று பலர் எழுதுவதுண்டு. அசைவு உண்மை, ஆனால் அது ஒன்றிரண்டு விகலைதான் (3,600 விகலை ஒரு பாகை). வெறுங்கண் பிரித்தறிய 60 விகலையாவது வேண்டும். நாம் காண்பது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை.

வியாழன் கோள் ஏன் மினுக்காமல் அடங்கி நிற்கிறது? சிரியஸின் அகலம் 0.006 விகலை, வியாழனுக்கு 40 விகலை அளவு. 10 கிலோமீட்டர் உயரத்துக் காற்றில் அந்த 40 விகலை 2 மீட்டர் அகலத்தை அடைக்கும். வட்டின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத்தான் மினுக்குகிறது, ஆனால் ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்றின் இறக்கம் சரிக்கட்டிவிடுகிறது. சிறு வட்டாகத் தெரியும் புதனோ அடிவானத்தருகே மினுக்கும்.

தாழ்ந்த விண்மீனில் நிறமும் மாறும். காற்று முப்பட்டகம்போல் நிறங்களைப் பிரிப்பதால் நீலமும் சிவப்பும் சற்றே தள்ளித் தள்ளி வெவ்வேறு திட்டுகள் வழியாக வருகின்றன. பைனாகுலரில் அகத்தியரைப் பிடித்து, குழலை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். புள்ளி கோடாக இழுபடும்; அந்தக் கோட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மணிமணியாகத் தெரியும்.